மாமனாரின் சாய்வு நாற்காலியும் மணியும்: வீட்டுச் சாமான்களோடு நாய் நடந்துகொள்ளும் விதம் பற்றி

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. ஆண், வயது ஒன்றரை, கருத்தடை செய்யவில்லை. குட்டியாகத் தெருவிலிருந்து எடுத்து வந்து வளர்த்தது. பகலில் மாமனாரின் சாய்வு நாற்காலியிலும் கூடத்துச் சோபாவிலும் ஏறிப் படுத்துக்கொள்கிறது. இறக்கிவிடப் போனால் சில வாரங்களாக உறுமுகிறது. எல்லாரும் வெளியே போயிருந்த நேரத்தில் ஊஞ்சல் பலகையின் ஓரத்தையும் கட்டில் காலையும் கடித்து வைத்திருக்கிறது. பத்தாயத்தின் மூலையில் காலைத் தூக்கிச் சிறுநீர் விடுகிறது. ‘வீட்டுக்குத் தானே தலைவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நாலு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ‘கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டிவிடு’ என்கிறார் மாமனார். இரண்டையும் செய்ய மனமில்லாமல் எழுதியிருக்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் காவிரிப் படுகை ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரே குற்றச்சாட்டாகச் சேர்த்துச் சொல்லியிருக்கும் நான்கும் நான்கு வெவ்வேறு காரியங்கள். நாற்காலியில் ஏறுவதற்கு ஒரு காரணம், உறுமுவதற்கு இன்னொன்று, கடிப்பதற்கு வேறொன்று, பத்தாயத்தை நனைப்பதற்கு முற்றிலும் வேறொன்று. நான்கையும் ‘திமிர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் நான்குக்கும் ஒரே மருந்தாக அடிதான் தோன்றும். அந்த மருந்து நான்கில் ஒன்றுக்கும் கேட்காது.

நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். மணிக்குச் சொந்தமாகப் படுக்க ஓர் இடம் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை. ‘வாசலில் படுக்கும், தாழ்வாரத்தில் படுக்கும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தூங்கக்கூடியது. இவ்வளவு நேரம் உடலைக் கிடத்த வேண்டிய பிராணி, தனக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படாவிட்டால், வீட்டில் உள்ளவற்றிலேயே நல்ல இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதன் தேர்வு ஒருநாளும் தற்செயலாக நடப்பதில்லை. வெப்பம், வாசனை, பார்வை என்ற மூன்றையும் வைத்தே அது முடிவு செய்கிறது.

நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், அதாவது நம்மைவிடக் கூடுதல். உள்ளங்கால்களில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர அதற்கு நம்மைப் போல வியர்வை கிடையாது. நாக்கை வெளியே போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சித்திரை, வைகாசியில் கூடத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வயிறு படிய, பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் நாயைச் சோபா பக்கமே காண முடியாது. அதே நாய் ஐப்பசி பிறந்து தரை ஈரம் கக்கத் தொடங்கியதும் மேலே ஏறப் பார்க்கும். மழைக்காலத்தில் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரைக்கும் வரும். தை முடியும்வரை தரை காய்வதில்லை. அந்த ஈரத்தில் படுக்க நாமே கூசுகிறோம். மணி சோபாவில் ஏறத் தொடங்கியது கார்த்திகை வாக்கில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி வாசனையில் இருக்கிறது. நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவரின் குழு, விழித்திருக்கும் நாய்களை மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பல வாசனைகளை முகரக் கொடுத்துப் பார்த்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வில், நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புடைய மூளைப் பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது தனக்குப் பழக்கமான மனிதரின் வாசனைக்குத்தான். பழக்கமான இன்னொரு நாயின் வாசனைக்குக்கூட அவ்வளவு இல்லை. இப்போது உங்கள் மாமனாரின் நாற்காலியை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாக அவர் முதுகு பட்டுப் பட்டு நிறம் மாறிய கித்தான் துணி. நல்லெண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து மேற்பகுதியில் விழுந்திருக்கும் கறை. உள்ளங்கை தேய்ந்து மெருகேறிய கைப்பிடிகள். நமக்கு அது ஒரு பழைய நாற்காலி. மணிக்கோ, பெரியவர் எழுந்து போன பிறகும் அங்கே அவர் இருந்துகொண்டிருக்கிறார். அவர் இடத்தைப் பறிக்க அது ஏறவில்லை, அவரோடு இருப்பதற்காகத்தான் ஏறுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மூன்றாவதான பார்வையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேழிக் கதவும் வாசலும் தெரிகிற மேடான இடம் எதுவோ அது காவல் நாய்க்குப் பிடிக்கும்.

இனி முடிவு உங்களுடையது: நாய் சாமான்களில் ஏறலாமா, கூடாதா? ஏறுவதால் நாய் கெட்டுப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுப் பழைய சோபாவில் நாய்கள் படுத்திருக்கின்றன. ஆனால் உறுமத் தொடங்கிவிட்ட நாய், தவழும் குழந்தை உள்ள வீடு, தடுமாறி நடக்கும் முதியவர் உள்ள வீடு, உண்ணித் தொல்லை அடங்காத வீடு ஆகியவற்றில் கூடாது என்பதே என் கருத்து. முதுகு நீண்டு கால் குட்டையான டாஷ்ஹவுண்ட் போன்ற இனங்களை உயரத்திலிருந்து குதிக்க விடவே கூடாது. தண்டுவடத் தட்டு விலகிப் பின்னங்கால்கள் செயலிழந்து வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். மணியைப் பொறுத்தவரை, உறுமல் இருப்பதால், இப்போதைக்கு ஏறக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மணியைச் சோபாவில் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறாள், மாமியார் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார், மாமனார் விரட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டிய உண்மை ஒன்று உண்டு: ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கும் பழக்கத்தைவிட, எப்போதாவது ஒரு முறை பலன் கிடைக்கும் பழக்கமே அழிப்பதற்குக் கடினமானது. பத்து முறை விரட்டப்பட்டாலும் பதினோராம் முறை சோபாவில் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பதினோராம் முறைக்காக மணி நூறு முறை ஏறும். இதைப் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது. நாம் கற்றுக்கொடுத்ததை அது சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, மணிக்கு ஓர் இடம் அமைப்பது. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயன் இருக்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடையில் விற்கும் விலையுயர்ந்த மெத்தை வேண்டியதில்லை. நான்கு செங்கற்களைத் தரையில் படுக்கையாக வைத்து, அதன்மேல் பழைய கதவுப் பலகை ஒன்றைப் போடுங்கள். தரை ஈரம் ஏறாமலிருக்க அந்த உயரம் போதும். பலகை ஆடக் கூடாது. ஒரு முறை ஆடினால் நாய் மறுபடியும் ஏறத் தயங்கும். அதன்மேல் நெல் சாக்கு ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே பழைய நூல் சேலையை நான்காக மடித்து விரியுங்கள். வைக்கோலை உள்ளே திணிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கோடையில் தவறில்லை, ஆனால் மழைக்காலத்தில் வைக்கோல் பூஞ்சணம் பிடித்துத் தோலில் அரிப்பு வந்துவிடும். சாக்கையும் சேலையையும் வாரம் ஒரு முறை வெயிலில் போட வேண்டும். கோடை வந்ததும் பலகையை எடுத்துவிட்டு வெறுந்தரையில் சாக்கு மட்டும் கிடந்தால் போதும். அதையும் விட்டு விலகித் தரையில் படுத்தால் விட்டுவிடுங்கள்.

இடத்தைக் கூடத்தின் சுவரோரமாக, ரேழிக் கதவும் மாமனாரின் நாற்காலியும் இரண்டுமே கண்ணில் படும்படி அமையுங்கள். கொல்லைப்புறத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்தால் அது ஒருநாளும் அங்கே தங்காது. நாய் தேடுவது நம்மோடு இருக்கும் இடத்தை. அடுத்து, மாமனார் இரண்டு நாள் தோளில் போட்டிருந்த துண்டைத் துவைக்காமல் வாங்கி அந்தச் சேலையின்மேல் போடுங்கள். நாற்காலியிடம் மணி எதைத் தேடிப் போகிறதோ அது இங்கேயே கிடைக்கட்டும்.

பழக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதல் இரண்டு நாள் எந்தக் கட்டளையும் இல்லை. மணி தானாக அந்தப் பலகை பக்கம் போனால், ஒரு கால் வைத்தால், படுத்தால், உடனே ஒரு துண்டுத் தீனி பலகையின்மேல் விழ வேண்டும். கையில் கொடுக்காதீர்கள், பலகையின்மேல் போடுங்கள். நல்லது விளைவது அந்த இடத்தில்தான் என்று அதன் மனத்தில் பதிய வேண்டும். துண்டு கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். அசைவம் சமைக்கும் வீடென்றால் உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை. சைவ வீடென்றால் பன்னீர், வேகவைத்த காரட் போதும். வெங்காயம் கலந்த எதுவும், பாயசத்து உலர்திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து, அது பலகையை நோக்கிப் போகும்போதே ‘இடம்’ என்று ஒரே சொல், எல்லாரும் அதே சொல், அதட்டாத குரலில். பிறகு நீங்கள் அனுப்பினால் போகிறதா என்று பாருங்கள். போய்ப் படுத்ததும் மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ஒரு துண்டு, பிறகு பத்து, பிறகு இருபது. நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். ஒரு வாரத்தில், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே படுத்திருக்கும் அளவுக்கு வந்துவிடும். சில நாய்களுக்கு மூன்று வாரம் ஆகும்.

இது நடக்கும் நாட்களில் பழைய பழக்கம் ஒரு முறைகூட நடக்க வாய்ப்புத் தரக் கூடாது. சாய்வு நாற்காலிக்கு இது மிகவும் சுலபம். மாமனார் எழுந்ததும் துணியைத் தாங்கும் மேல் கழியை உருவிவிடுங்கள். துணி தொய்ந்து கீழே தொங்கும், ஏறிப் படுக்க அங்கே ஒன்றும் இருக்காது. சோபாவின்மேல் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கவிழ்த்து வையுங்கள். கூடம் சில நாட்கள் அலங்கோலமாகத் தெரியும், வருகிறவர்கள் கேட்பார்கள்; பரவாயில்லை.

இப்போது உறுமலுக்கு வருகிறேன். நீங்கள் உடனே கவலைப்பட வேண்டியது இதற்குத்தான், கடித்த கட்டில் காலுக்கு அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ‘தலைவன்’ கதை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருந்தால் நல்லது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதினார்: கூட்டத்தில் ஓயாத தலைமைப் போட்டி நடக்கிறது, வென்றது ஆள்கிறது என்று. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய தம் நூலில் இக்கருத்தை எடுத்தாள, அது உலகம் முழுவதும் பரவி, நாய் பழக்குபவர்களின் வேதமாகிவிட்டது. பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் நேரில் பார்த்தார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான், தலைமைப் போட்டி என்ற சித்திரம் அதற்குப் பொருந்தாது என்று 1999இல் தாமே எழுதினார். ஒரு நாய் சோபாவில் ஏறினால் அரியணை ஏறுகிறது என்று பொருள் கொள்வதற்கு இருந்த அடிப்படை அத்தோடு போயிற்று. நாய் ஏறும் இடம் மெத்தென்று இருக்கிறது, அதை விட மனமில்லை, அவ்வளவுதான்.

உறுமல் என்பது நாய் சொல்லும் எச்சரிக்கை: ‘நெருங்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது, அடுத்தது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.’ அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை மட்டுமே போகும், பயம் போகாது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் மன்னார்குடிப் பக்கம் குடியிருந்தபோது, செவலை என்று ஒரு நாய் வளர்த்தேன். அதுவும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு உறுமும். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். பத்து நாளில் உறுமலை நிறுத்திவிட்டது. திருத்திவிட்டேன் என்று நம்பினேன். நான்கு மாதம் கழித்து, விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன், ஆறு வயதுப் பிள்ளை, ஓடி வந்து கட்டிலில் விழுந்தான். சத்தமே இல்லாமல் கன்னத்தில் கடித்துவிட்டது. செவலை மீது குற்றமில்லை. எச்சரிக்காதே என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தத் தழும்பு இன்றும் அவன் முகத்தில் இருக்கிறது.

ஆகவே மணி உறுமினால் யாரும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, குனிந்து முகத்துக்கு நேராகக் கத்தக் கூடாது, கம்பை ஓங்கக் கூடாது. இரண்டு எட்டுத் தள்ளி, பக்கவாட்டில் நின்று, சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு துண்டுத் தீனியைத் தரையில் போடுங்கள். அது இறங்கும் அந்தக் கணத்தில் ‘இறங்கு’ என்று சொல்லுங்கள். இறங்கியதும் இன்னொரு துண்டு அதன் பலகையின்மேல் விழட்டும். சில நாட்களில் சொல் முன்னால் வரும், தீனி பின்னால் வரும். இன்னும் சில வாரங்களில் சொல்லே போதும். ‘உறுமினால் தீனியா, இது லஞ்சம் அல்லவா?’ என்று மாமனார் கேட்பார். கேட்பது நியாயம்தான். நாம் கொடுப்பது உறுமலுக்கு அல்ல, இறங்கியதற்கு. மனிதர் நெருங்கி வந்தால் ஒன்று பறிபோகும் என்று நினைத்திருந்த நாய், நெருங்கி வந்தால் ஒன்று கிடைக்கும் என்று நினைக்கத் தொடங்குகிறது. உறுமலுக்கு வேர் அந்தப் பழைய நினைப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன்பு உறுமாத நாய் திடீரென்று உறுமினால், உடம்பில் வலி இருக்கிறதா என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. காதுக்குள் சீழ், இடுப்பு மூட்டு வலி, உண்ணியால் வரும் காய்ச்சல் ஆகிய எதுவாக இருந்தாலும், படுத்திருக்கும் நாயைத் தொடும்போது அது உறுமும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள்; மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். வளர்ப்பு நாயே ஆனாலும், பல் பட்டுத் தோல் கீறிவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘நம்ம நாய்தானே’ என்று இருந்துவிடக் கூடாது.

ஊஞ்சல் பலகையையும் கட்டில் காலையும் கடித்த கதைக்கு வருவோம். குட்டிகள் கடிப்பதற்குப் பல் முளைப்பதே காரணம்; இருபத்தெட்டுப் பால் பற்கள் நான்காம் மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிலைப் பற்களும் வந்துவிடும். அந்தப் பருவத்தில் ஈரத் துணியை முறுக்கி பிரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும். மணிக்கு ஒன்றரை வயதாகிறது. பல் முளைக்கும் காலம் கடந்துவிட்டது. எனவே அது தனிமையினால் கடிக்கிறதா, வேலையில்லாமல் கடிக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். அடுத்த முறை எல்லாரும் வெளியே போகும்போது பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். நீங்கள் கதவைச் சாத்திய அரைமணி நேரத்துக்குள்ளேயே ஓலமிட்டு, எச்சில் வடித்து, கதவையும் சன்னல் சட்டத்தையும் பிறாண்டினால் அது தனிமைப் பயம். மெல்ல மெல்ல, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று போய்த் திரும்பிப் பழக்க வேண்டும், மருத்துவர் உதவியும் தேவைப்படலாம். மாறாக, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாகப் பலகை ஓரத்தை வாயில் வைத்தால் அது பொழுது போகாத குறை. நீங்கள் அனுப்பிய படத்தில் கடித்திருப்பது ஊஞ்சலில் உட்காருகிறவர்கள் கையூன்றும் ஓரம். கதவில் கீறல் எதுவும் இல்லை. எனக்கு இது இரண்டாவது வகையாகவே படுகிறது.

இதற்கு மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது. காலை வெயில் ஏறும் முன் வாய்க்கால் கரையில் அரைமணி நேரம் நடத்திச் செல்லுங்கள். வேகமாக நடத்தாமல், முகர வேண்டியதையெல்லாம் முகர விடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்த நாய் வீட்டுக்கு வந்து அசந்து தூங்கும். அறுவடை நாட்களில் வரப்பில் விரியனும், எலிக்கு வைத்த விஷமும் இருக்கும் என்பதால் கயிற்றை விட்டுவிட வேண்டாம். வெளியே கிளம்பும் நாளில், நடுவில் துளையுள்ள கெட்டி ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச் சோற்றை அடைத்து பிரீசரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதை நக்கி எடுக்க வெகுநேரம் ஆகும். பொம்மை நீல நிறமாக இருக்கட்டும். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நிறங்களாகத் தெரியும். உங்கள் சிவப்புத் தரையில் சிவப்புப் பந்து அதற்கு எடுப்பாகத் தெரியாது. வேகவைத்த எலும்பைக் கொடுக்காதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் மட்டையைக் கொடுப்பவர்கள் அருகிலிருந்து பார்த்து, நார் விழுங்கத் தொடங்கினால் பிடுங்கிவிட வேண்டும். மரத்தில் வேப்பெண்ணெய் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேசாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் கசப்பு ஒரு வாரம் தாமதப்படுத்துமே தவிர, பொழுது போகாத நாயைத் தடுக்காது. கரையான் மருந்து, வார்னிஷ், தின்னர் பூசிய ஈரம் காயாத மரத்தின் பக்கம் நாயை விடவே கூடாது. பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படியே, ஒன்றை விழுங்கினாலும் ஆபத்து. சோபா பஞ்சைக் கடித்து விழுங்கிய நாய் வாந்தி எடுத்து, வெளிக்குப் போகாமல், சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, குடல் அடைபட்டிருக்கும்.

வீடு திரும்பியதும் கடித்த இடத்தில் நாயின் மூக்கை அழுத்தித் திட்டுவது வழக்கம். ‘தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துக் காட்டினார்: அந்தக் குற்றவாளி முகம், நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, வளர்ப்பவர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. தவறே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் முகம் வைத்தது. மூன்று மணி நேரம் முன்பு கடித்ததையும் இப்போது விழும் அடியையும் நாயால் இணைக்க முடியாது; நீங்கள் வீட்டுக்கு வருவதையும் அடியையும்தான் இணைக்கும்.

பத்தாயத்து மூலை விஷயம் சீக்கிரம் முடிவது. அது வாசனையால் எல்லை குறிக்கும் வேலை. கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் நாய்களில் நன்றாகக் குறையும், பழகிப்போகும் முன் செய்தால் இன்னும் நல்லது. பினாயில் ஊற்றிக் கழுவுவதை நிறுத்துங்கள். அந்த நெடி நம் மூக்கிலிருந்து மட்டுமே சிறுநீர் வாசனையை மறைக்கிறது. நாய் அந்த இடத்தை நக்கினால் அதற்குக் கேடு. துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இதற்கென்றே என்சைம் கலந்த திரவமும் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. காய்ந்த பிறகு அந்த மூலையில் மணியின் சோற்றுத் தட்டைச் சில வாரம் வைத்துப் பாருங்கள்; சாப்பிடும் இடத்தை நாய் பொதுவாக நனைப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயின் மேல் வாழும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ, சோபா மடிப்பிலோ, கயிற்றுக் கட்டிலின் முடிச்சிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சாமான்களைக் கவனிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் வரும். கயிற்றுக் கட்டிலின்மேல் கொதிநீர் ஊற்றி நல்ல வெயிலில் போடுங்கள், சோபா மடிப்புகளைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். நாய்க்கான மருந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின்மேல் பூசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்படிப் பூசப்பட்டு, வாயில் நுரை தள்ளி, வலிப்போடு வந்த நாய்களில் நான் காப்பாற்ற முடியாமல் போனவை பல. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

தீபாவளி வெடிக்கும் மழைக்கால இடிக்கும் மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கத்து வீடு ஒன்றில், இரண்டு நாளாகியும் கட்டிலடியை விட்டு வராத நாயைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியை வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி உட்கார்ந்தோம், சாயங்காலம் தானே வந்தது.

சங்கிலி பற்றி மாமனாரிடம் சொல்ல ஒரு வார்த்தை. எந்நேரமும் கட்டி வைத்து நடமாட விடாமல் நாயை வளர்ப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், கொல்லையில் கட்டிய நாய் கடுகடுப்பாகும், நாளெல்லாம் குரைக்கும், கூடத்துக்கு வந்து பழக வேண்டிய எதையும் கற்காது. ஆனால் அவரிடம் சட்டத்தைக் காட்டுவதைவிட அவரையே இந்த வேலையில் இறக்கிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மணி தேடுவது அவரைத்தானே. சாயங்காலம் காபி குடிக்க அவர் நாற்காலியில் உட்காரும் நேரத்தில், கழியைச் செருகித் துணியை இழுத்துவிட்டதும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பத்துத் துண்டுத் தீனியை வைத்துவிடுங்கள். அவர் ‘இடம்’ என்று சொல்லட்டும். மணி எதிர்ச் சுவரோரத்துப் பலகையில் போய்ப் படுத்ததும், காபி முடியும்வரை, அவ்வப்போது ஒரு துண்டை அவர் கையாலேயே அங்கே எறியட்டும்.